நடக்காதவர்கள் போட்ட நடைபாதை

பினாங்கின் பாயான் லெப்பாஸில் கால் பதித்தவர்களிலேயே பெரிய ஆள் யார் என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. பாதம் பத்திரமாக இருக்கிறது. பாதத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதில்தான் தகராறு.

விமான நிலையத்தைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் பத்து மாவுங் வரும். அங்கே ஒரு சின்னச் சீனக் கோயில். உள்ளே ஒரு பாறை. பாறையில், நானும் நீங்களும் சேர்ந்து கால் வைத்தாலும் நிரம்பாத ஒரு காலடிக் குழி. சீனர்களைக் கேட்டால் அட்மிரல் செங் ஹோவின் பாதம் என்பார்கள். மலாய்க்காரர்களைக் கேட்டால் கெடெம்பாய் என்ற பூதத்தின் பாதம். நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அனுமார்! இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு அடுத்தபடியாக, ஒரே காலடிக்கு இத்தனை பேர் பட்டா கேட்கிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

செங் ஹோ சாதாரண ஆள் இல்லை. 1405 முதல் 1433 வரை ஏழு தடவை பெரும் கப்பல் படையோடு கிளம்பியவர். அந்தக் காலத்துச் சீனக் கடல் வரைபடத்தில் பினாங்கின் பெயரும் இருக்கிறது. ஆனால் அவர் இங்கே இறங்கி நடந்ததற்கு அந்தப் பாறையைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. சரி, இறங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த காலடி எங்கே? கடலுக்கு அந்தப் பக்கம், ஜெரெஜாக் தீவில் என்கிறார்கள். அதாவது பாயான் லெப்பாஸில் மனிதர் வைத்தது மொத்தமே ஓர் அடி. அடுத்த அடியிலேயே ஊரைவிட்டு வெளியேறிவிட்டார். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் ரோட்டைக் கடக்க முயன்று பார்த்தவர்களுக்கு அவருடைய தொலைநோக்கு புரியும்.

இந்தத் தீவின் சரித்திரத்தை நடக்கிறவன் கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை தட்டுப்படும். இங்கே பாதை போட்டவர்கள், பாதையை அளந்தவர்கள், பாதைக்குச் சட்டம் எழுதியவர்கள் யாரும் பெரிதாக நடந்ததில்லை. நடந்தவர்கள் யாரிடமும் கருத்துக் கேட்கப்படவும் இல்லை.

முதலில் பிரான்சிஸ் லைட். 1786-ல் கெடா சுல்தானிடம் தீவைப் பேசி வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றியவர். சுல்தானுக்குக் கொடுத்த பாதுகாப்பு வாக்குறுதிக்கு மேலிடத்தின் சம்மதத்தை வாங்கியிருக்கவில்லை என்பது சின்ன விவரம். சேல்ஸ்மேன்கள் அதையெல்லாம் பெரிதுபடுத்த மாட்டார்கள். தீவு முழுக்கக் காடு. வெட்ட வந்தவர்களுக்கு உள்ளே போக மனமில்லை. லைட் என்ன செய்தாராம்? பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைப் பொறுக்கப் போனவர்கள் காட்டையும் வெட்டிக்கொண்டே போனார்களாம். கதைதான், ஆதாரம் கேட்காதீர்கள். நடந்தால் பாயின்ட், நடந்தால் கேஷ்பேக் என்று இன்றைக்கு ஃபோனில் கூவுகிற ஆப்களுக்கெல்லாம் இவர்தான் முப்பாட்டன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: காட்டுக்குள் போனது காசும் கூலிகளும். லைட் பீரங்கிக்கு இந்தப் பக்கம் நின்றார்.

காடு போன இடத்தில் கட்டம் போட்டு நான்கு வீதிகள் வந்தன: லைட் ஸ்ட்ரீட், பீச் ஸ்ட்ரீட், பிட் ஸ்ட்ரீட், சூலியா ஸ்ட்ரீட். ஒன்றில் அவர் பெயர், ஒன்றில் லண்டனில் இருந்த பிரதம மந்திரியின் பெயர். நம்மவர்களுக்குச் சூலியா ஸ்ட்ரீட். நியாயமான பங்கீடு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெயர்க்காரர்களில் நிஜமாக நடந்து திரிந்தவர்கள் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளான சூலியாக்கள்தான்.

பீச் ஸ்ட்ரீட் விவகாரம் இன்னும் அழகு. பெயர் வைத்தபோது அங்கே கடல் இருந்தது. 1880-களில் தொடங்கிக் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற புதுத் துறைமுக ரோட்டைப் போட்டார்கள். அதற்குக் கவர்னர் வெல்டின் பெயர். கடல் நகர்ந்துவிட்டது, பெயர்ப் பலகை நகரவில்லை. இன்றைக்கும் துண்டும் நீச்சல் உடையுமாக லெபு பந்தாயில் (பீச் ஸ்ட்ரீட்டின் மலாய்ப் பெயர்) இறங்கும் சுற்றுப்பயணியை வங்கிக் கட்டடங்கள்தான் வரவேற்கின்றன.

லைட் 1794-ல் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். அவர் கொடியேற்றிய நூற்றைம்பதாவது ஆண்டுக்கு, 1936-ல், அவருக்குச் சிலை வைக்க நினைத்தார்கள். வைக்கலாம், ஆனால் மனிதரின் முகம் எப்படி இருக்கும்? ஒரு படமும் கிடைக்கவில்லை. மகன் வில்லியம் லைட்டின் படம் இருந்தது. அப்பனைப் போலத்தானே பிள்ளை இருப்பான் என்று மகன் முகத்தை அப்பாவுக்கு வைத்துவிட்டார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்பது அந்த ஆள் மாறாட்டம்தான். நம் ஐ.சி.யில் இப்படிப் படம் மாறியிருந்தால் தேசியப் பதிவு இலாகா விட்டிருக்குமா?

அதைவிட விசேஷம், அந்த மகன்தான் 1836-ல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக்குத் திட்டம் போட்டவர். ஊரைச் சுற்றிலும் பூங்காவாக விட்டு, நடந்து திரிய வசதியான நகரம் என்று இன்றுவரை பாராட்டு வாங்குகிறவர். நடக்கத் தோதான ஊரைப் போட்டவரின் முகம் பினாங்கில் இருக்கிறது. ஊர் மட்டும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது.

அடுத்தவர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். சிங்கப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, இவர் முதலில் எங்கள் ஊர் குமாஸ்தா. 1805-ல், இருபத்து நான்கு வயதில், பினாங்கில் உதவிச் செயலாளராக வந்து இறங்கியவர். அஞ்சடியைக் கண்டுபிடித்தவர் என்ற பெருமை இவருக்குத்தான். அஞ்சடி தெரியும் அல்லவா? கடைவீட்டின் மாடி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், கீழே தூண் வரிசை, தூணுக்கும் கதவுக்கும் நடுவே ஐந்தடி அகலத்தில் ஒரு பாதை. மலாயில் காக்கி லீமா. வெயிலும் மழையும் தலையில் படாமல் தெரு முழுக்க ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். சிங்கப்பூர் முதல் தாய்லாந்தின் புக்கெட் வரை இதைப் பார்க்கலாம்.

1822-ல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் போட்டபோது ராஃபிள்ஸ் எழுதிக் கொடுத்த உத்தரவில் விஷயம் தெளிவாக இருக்கிறது: ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தாழ்வாரம் வேண்டும், அது தொடர்ச்சியாக இருக்க வேண்டும், எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு அகலம்? 'குறிப்பிட்ட அளவு' என்று முடித்துவிட்டார். ஐந்து என்ற எண்ணே அதில் கிடையாது! அளவெல்லாம் பின்னால் வந்த அதிகாரிகள் போட்டது. ஐந்தடிக்காகப் புகழப்படுகிற மனிதர் ஓர் அடியைக்கூட அளந்து சொல்லவில்லை. பெரிய மனிதர்களின் புகழ் பெரும்பாலும் இப்படித்தான், ஃபைலை அடுத்த மேசைக்குத் தள்ளியவர் பெயரில் போய்ச் சேர்ந்துவிடும்.

சட்டத்தின் சாமர்த்தியத்தையும் பாராட்ட வேண்டும். அரசாங்கம் நடைபாதை போட்டால் அரசாங்கத்துக்குச் செலவு. அதனால், நிலம் உன்னுடையது, செங்கல் உன்னுடையது, தூண் உன்னுடையது, ஆனால் நடக்கிறவன் ஊரான் என்று வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் பதிலுக்கு என்ன நினைத்தார்? என் நிலம், என் செங்கல், என் தூண், அப்புறம் அங்கே என் அரிசி மூட்டை ஏன் இருக்கக் கூடாது?

இருந்தது. மூட்டை இருந்தது, பீப்பாய் இருந்தது, தையல் மெஷின் இருந்தது. 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி, அஞ்சடியைக் காலி செய்தே தீருவோம் என்று களத்தில் இறங்கியது. கடைக்காரர்கள் கடையடைப்பு. தெருவில் கல்வீச்சு, டிராம்களுக்கும் அடி. வரலாற்றில் இதற்கு 'வராண்டா கலவரம்' என்று பெயர். நாட்டுக்காகக் கலவரம் கேள்விப்பட்டிருப்பீர்கள், மதத்துக்காக, மொழிக்காகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திண்ணைக்காக மூன்று நாள் ஊரைப் பூட்டியது நம் வட்டாரத்தின் சாதனை. கடைசியில் சமரசம்: ஆள் போக இடம் விட்டுவிட்டு மீதியில் பொருளை வைத்துக்கொள்ளலாம். 'ஆள்' என்றால் எவ்வளவு பருமனான ஆள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அந்தத் தகராறு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்கு வாருங்கள், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம். முதல் கடை வாசலில் பட்டுச் சேலை கட்டிய பொம்மைகள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு வழி விட்டு ஒருக்களித்துப் போனால் அடுத்த கடை ஸ்பீக்கர், நம் காது மட்டத்தில், இளையராஜாவை முழு பலத்தோடு இறக்கும். அதற்கு அடுத்து தரை திடீரென்று அரை அடி உயரும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அவரவர் வசதிக்குத் தரை போட்டதால் அஞ்சடியில் இரண்டு வீட்டுத் தரை ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு வீட்டில் பூப்போட்ட பழைய ஓடு, அடுத்ததில் சிமென்ட், அதற்கடுத்து மழை பெய்தால் சறுக்கிவிடும் பளபளப்பு டைல்ஸ். முட்டிக்குத் தனியாக ஜிம்முக்குப் போக வேண்டிய அவசியமில்லை. சீனர் வீடு வந்தால் வாசலோரம் தரையிலேயே சிவப்பு மாடம், அதில் ஊதுபத்தி, இரண்டு ஆரஞ்சு. சாமியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைத்தால் எதிரே ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும். அதற்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"அண்ணே, கொஞ்சம் வழி."

அவர் பேப்பரை இறக்க மாட்டார். "ரோடு இருக்குல்ல தம்பி, அந்தப் பக்கம் போ லா."

ரோட்டில் கார். காருக்கு வழி விட அஞ்சடி. அஞ்சடியில் பெரியவர். இந்த முக்கோணத்துக்குள்தான் பினாங்கின் பாதசாரி இருநூறு வருஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று, அந்தப் பெரியவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அஞ்சடி உயிரோடு இருந்ததே அவரைப் போல நடக்காமல் உட்கார்ந்திருந்தவர்களால்தான். பூக்கட்டுகிறவர், காசு மாற்றுகிறவர், கிளி ஜோசியர், முடி வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், சிகரெட்டும் பத்திரிகையும் விற்கிற மாமாக்காரர், எல்லாருக்கும் அந்த ஐந்தடிதான் ஆபீஸ். நடக்கிறவனுக்கு ஊரைக் காட்டியவர்களும், திருடனுக்கு ஊர் விழித்திருக்கிறது என்று காட்டியவர்களும் இவர்கள்தான். 2000-ஆம் ஆண்டோடு பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதும் வாடகை ஏறியது, பல குடும்பங்கள் கடைவீடுகளைக் காலி செய்தன. சில தெருக்களில் அஞ்சடி, சட்டம் ஆசைப்பட்டபடியே, சுத்தமாகக் காலியானது. நடக்க ஆளும் இல்லாமல் போனது என்பதுதான் சிக்கல்.

நிஜமாகவே நடந்தவர்கள் கதைக்கு வருவோம். இந்த ஊரின் ஆரம்ப கால ரோடுகளையும் பாலங்களையும் போட்டதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவந்த கைதிகளுக்கு. அவர்களுக்குச் சிலை இல்லை. இருந்திருந்தாலும் யார் முகத்தை வைத்திருப்பார்களோ!

அப்புறம் நாசி கண்டார். இன்றைக்கு ஏர்கான் கடையில் உட்கார்ந்து, 'குழம்பு பஞ்சிர்' என்று சொல்லி எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிடுகிறோமே, அது ஒரு காலத்தில் நடந்து வந்த சாப்பாடு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு காவடிக் கம்பு, ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் கறிக் குழம்பு என்று தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளிகளைத் தேடி நடந்தார்கள். டெலிவரி சார்ஜ் கிடையாது, ரேட்டிங் கிடையாது. 1907-ல் முகமது தம்பி ராவுத்தர் என்பவர் கேம்பல் ஸ்ட்ரீட் மரத்தடியில் தொடங்கிய வியாபாரம் ஹமீதியா என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. சோறு நடப்பதை நிறுத்தியது. சாப்பிடுகிறவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். மதிய வேளையில் நாசி கண்டார் கடை வாசல் கியூவைப் பாருங்கள், மலேசியர்கள் மனமுவந்து வெயிலில் நிற்கும் ஒரே இடம். பினாங்கு ரோட்டில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்திலேயே இயங்கும் புகழ்பெற்ற கடையின் பெயர் 'லைன் கிளியர்'. அந்தச் சந்து எப்போதுதான் கிளியராக இருந்திருக்கிறது?

இதே காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் எப்படி நடந்தார்கள் என்று கேட்கிறீர்களா? டோலியில். பினாங்கு மலை உச்சியில் காற்று குளிர்ச்சி, உடம்புக்கு நல்லது, ஏறிப் போனால் ஆரோக்கியம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். துரைகள் உத்தரவைச் சிரமேற்கொண்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, இந்தியக் கூலிகளும் சீனக் கூலிகளும் தூக்கிச் சுமக்க ஆரோக்கியம் தேடிப் போனார்கள். மலை ஏறியது நான்கு பேர், ஆரோக்கியம் ஐந்தாவது ஆளுக்கு. ஸ்டெப் கவுன்ட்டர் அப்போது இருந்திருந்தால் அதையும் கூலியின் காலில்தான் கட்டியிருப்பார்கள்.

அப்புறம் மலைக்கு ரயில் விட ஆசை வந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட முதல் ரயில் ஏற மறுத்துவிட்டது. இரண்டாவது முயற்சி 1923-ல் பலித்தது. டோலி தூக்கிகளுக்கு அன்றோடு ஓய்வு, அதாவது வேலை போனது.

வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் நிலைமை தலைகீழாகும். தைப்பூசம். பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் விடியற்காலையில் புறப்படும். 1894-ல் இந்தியாவிலிருந்து வந்த ரதம். தண்ணீர்மலை ரோட்டுக் கோயிலைப் போய்ச் சேர ராத்திரி ஆகிவிடும். காரில் போனால் பதினைந்து, இருபது நிமிஷ தூரம்! வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு, வழியெல்லாம் சிதறுதேங்காய், அதிலும் சீனர்கள் குவியல் குவியலாக வைத்துக்கொண்டு உடைப்பார்கள், நாம் பார்த்து வெட்கப்பட வேண்டும். தண்ணீர்ப் பந்தலில் இலவசமாக மோர், பானகம், மீகூன். ஊரே வெறுங்காலோடு நடு ரோட்டில் நடக்கும், ஹாரன் அடிக்க எந்தக் காருக்கும் தைரியம் வராது. மலை உச்சிப் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தினமும் லிஃப்ட் வரவில்லை என்று முணுமுணுக்கிற ஆசாமி காவடியோடு ஏறிவிடுவார்.

2017 முதல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் முருகனின் வேலைத் தாங்கிக்கொண்டு கிளம்புகிறது. அதோடு ரதத்துக்கே டிராஃபிக் பிரச்சினை வந்துவிட்டது: தங்கம் முன்னாலா, வெள்ளி முன்னாலா? உலகத்தைச் சுற்றி வரும் போட்டியில் ஒரு தடவை அண்ணனிடம் ஏமாந்த சாமிக்கு, இந்த ஊர் இரண்டு வண்டி ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறது.

பினாங்கு உலகத்துக்குக் கொடுத்த இன்னொரு கொடை ஜிம்மி சூ. செருப்புத் தைக்கிறவரின் மகன், பதினோரு வயதில் முதல் ஜோடியைத் தைத்தாராம். லண்டனுக்குப் போய் இளவரசி டயானாவுக்கே காலணி செய்தவர். மன்ட்ரி ஸ்ட்ரீட்டில் அவருக்கு ஒரு கம்பிச் சிற்பக் கார்ட்டூன்கூட உண்டு. அவர் பெயர் போட்ட ஊசிக் குதிகால் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் பிறந்த ஊரின் அஞ்சடியில், மூன்று கடை தூரம் யாராவது நடந்து காட்டட்டும், நான் இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

2008-ல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2012-ல் எர்னஸ்ட் ஸகாரெவிச் என்ற லிதுவேனியா இளைஞர் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சுவரில், நிஜ சைக்கிள் ஒன்றைப் பதித்து, அதில் இரண்டு குழந்தைகள் ஓட்டிப் போவதுபோல வரைந்தார். அவ்வளவுதான், உலகமே நடந்து வந்தது. நகராட்சி நூறு வருஷம் கெஞ்சியும் மிரட்டியும் நடக்காத காரியம், ஓடாத ஒரு சைக்கிளால் நடந்தது. இன்றைக்கும் அங்கே வரிசையில் நின்று, முறை வந்ததும் சைக்கிள் பின்னால் தொற்றிக்கொள்வதுபோல போஸ் கொடுக்கிறார்கள். பேரன் எடுத்தவர்கள்கூட.

மறுபடி பாயான் லெப்பாஸ். 1935-ல் இங்கே விமான நிலையம் வந்தது, அப்போதே இந்த வட்டாரம் கால்களைக் கைவிட முடிவு செய்துவிட்டது போலும். 1972-ல் முதலமைச்சர் லிம் சோங் யூ இங்கே நாட்டின் முதல் தடையற்ற வாணிப மண்டலத்தைத் திறந்தார். இன்டெல், ஹியூலெட் பேக்கார்டு, ஏ.எம்.டி., பாஷ், ஹிட்டாச்சி என்று முதலில் வந்த எட்டு கம்பெனிகளுக்கு 'எட்டுச் சாமுராய்' என்று செல்லப் பெயர். இன்டெல் வந்து இறங்கியது நெல் வயலில். வரப்பில் நடந்து பழகிய கம்பத்துப் பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்கள். அவர்கள் உருவாக்கிய ஊர் இன்று உலகத்துக்கு சிப் செய்கிறது.

இதில் ஒரு சிரிப்பு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் மக்களின் ஸ்மார்ட்ஃபோன்களை வைத்தே எந்த நாட்டில் எத்தனை எட்டு நடக்கிறார்கள் என்று எண்ணினார்கள். 46 நாடுகளின் பட்டியல். ஹாங்காங் முதலிடம், நாளுக்கு சராசரி 6,880 எட்டு. இந்தியா 4,297. மலேசியா? 3,963. கடைசியிலிருந்து மூன்றாவது! சிப் செய்கிற ஊரும் இதுதான், அந்த சிப்பால் மாட்டிக்கொண்ட ஊரும் இதுதான். (பத்தாயிரம் எட்டு நடக்கச் சொன்னது எந்த டாக்டர் என்று தேடாதீர்கள். 1965-ல் ஜப்பானில் எட்டு எண்ணும் கருவி விற்ற கம்பெனியின் விளம்பரம் அது.)

மலேசியர்கள் சோம்பேறிகள் என்று நான் சொல்ல மாட்டேன். நண்பகல் வெயிலில் பாயான் லெப்பாஸ் ரோட்டோரம் நின்று பாருங்கள். நடைபாதை ஒரு ஃபேக்டரி சுவரை ஒட்டி நம்பிக்கையோடு தொடங்கும், கொஞ்ச தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை மோதி முடிந்துவிடும். எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வேண்டுமா? மேம்பாலத்தைத் தேடிப் போவதைவிட கிராப் கூப்பிடுவது சீக்கிரம். இந்த வட்டாரத்தில் நடைபாதை பற்றி மனக்குறையே இல்லாதவர்கள், பாம்புக் கோயிலில் பீடத்தைச் சுற்றிப் படுத்திருக்கும் விரியன்கள்தான். பகல் முழுக்க அசையாமல் கிடந்தே முட்டை படையல் வாங்குகிறார்கள்.

எல்.ஆர்.டி. ரயில் வரப்போகிறது, 2025-ல் வேலை தொடங்கியிருக்கிறது. ஸ்டேஷன் வரை எப்படிப் போவது என்று மட்டும் கேட்காதீர்கள், நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனம் கூடாது.

நடக்க ஆசையே இல்லையா இந்த ஊருக்கு? தாராளமாக உண்டு, டிக்கெட் இருந்தால். கொம்தார் கோபுரத்தின் 68-வது மாடியில் 2016 முதல் கண்ணாடித் தளம் போட்டு ரெயின்போ ஸ்கைவாக் என்று வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து, மேலே போய், கடவுளே என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு நடந்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். கீழே, அதே கொம்தார் வாசலில், இலவசமாக ரோட்டைக் கடப்பதில் இதைவிடப் பெரிய த்ரில் இருக்கிறது. அதற்கு ஏனோ கூட்டம் சேருவதில்லை.

கடைசியாகப் பாலம். 1985-ல் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலம் திறந்தபோது பிரதமர் மகாதீர் சிவப்பு நிறப் புரோட்டோன் சாகாவைத் தானே ஓட்டிக்கொண்டு கடந்தார். புதுத் தேசியக் கார், புதுப் பாலம், ஓட்டுகிறவர் பிரதமர். ஒரு தேசத்துக்கு இதைவிடத் தெளிவாகச் சேதி சொல்ல முடியாது. பாலத்தில் பாதசாரிக்கு இடமில்லை, சைக்கிளுக்கும் இல்லை.

ஆனால் ஆண்டில் ஒரு ராத்திரி உண்டு. பினாங்குப் பாலம் சர்வதேச மாரத்தான். அன்றைக்கு மட்டும், முன்கூட்டியே பெயர் பதிந்து பணம் கட்டியவர்கள், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பாயான் லெப்பாஸ் குயின்ஸ்பே பக்கத்திலிருந்து கிளம்பி, கடலுக்கு மேலே சொந்தக் காலில் போகலாம். ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஓடுகிறவர்கள் கொஞ்சம், நடக்கிறவர்கள் நிறைய. எல்லாருக்கும் உற்சாகம், எல்லாருக்கும் மெடல் ஆசை, எல்லாருக்கும் நெஞ்சில் நம்பர்.

அந்த நேரத்தில் குயின்ஸ்பேக்குப் போகிற ரோட்டைப் பார்க்க வேண்டும். ஊரே தூங்குகிற வேளையில் பம்பரோடு பம்பர் ஒட்டி வரிசையாகக் கார்கள், நடக்க வந்தவர்களுடையது, பார்க்கிங் கிடைக்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூடுமானவரை ஸ்டார்ட்டிங் லைனுக்குப் பக்கத்தில் இடம் வேண்டுமாம். அவ்வளவு தூரம் யார் நடப்பது?